பொடக்காலிப் பங்காளிகள்

ஒரு பிளேடு போதும். காலையில் விரிந்த செம்பருத்திப் பூ ஒன்றையும் பருத்திப் பூ ஒன்றையும் பறித்து, காம்பிலிருந்து நுனிவரை நெடுக்காகப் பிளந்து, ஒரு தட்டில் பக்கம் பக்கமாக வையுங்கள். செம்பருத்தியின் நடுவிலிருந்து ஒரு குழல் இதழ்களைத் தாண்டி வெளியே நீண்டிருக்கும். அதன் மேல்பாதி முழுக்க மஞ்சள் மகரந்தப் பைகள். நுனியில் ஐந்து சிவப்புக் குமிழ்கள். பருத்தியிலும் அதே குழல் உண்டு. ஆனால் குட்டையாக, இதழ்களுக்குள்ளேயே ஒடுங்கி நிற்கும். மகரந்தத் தாள்கள் தனித்தனியாக நிற்காமல் ஒன்றோடொன்று ஒட்டிக் குழலாகி, அந்தக் குழலுக்குள்ளேயே சூல்தண்டு ஏறிப் போவது இந்தக் குடும்பத்தின் அங்க அடையாளம். தாவரவியலில் மால்வேசி என்று பெயர். வெண்டைப் பூவைப் பிளந்தாலும், பூவரசம் பூவைப் பிளந்தாலும், வேலியோரத் துத்தியைப் பிளந்தாலும் இதே குழல்தான்.

எங்கள் பக்கத்தில் இப்படிப்பட்டவர்களைப் பங்காளிகள் என்போம். ஒரே குலம், ஒரே மூக்கு. குணம் மட்டும் சேராது. வீட்டுப் பொடக்காலியில், அதாவது கொல்லைப்புறத்தில், இந்த இரண்டையும் பத்தடி இடைவெளியில் வளர்த்துப் பார்த்த பிறகு எனக்கு ஒன்று பிடிபட்டது. செடி வளர்ப்புப் புத்தகங்கள் வெயில் இவ்வளவு, தண்ணீர் இவ்வளவு, உரம் இவ்வளவு என்று பட்டியல் போடுகின்றன. அதற்கு முன்பு கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: இந்தச் செடி தன்னை எப்படி அடுத்த தலைமுறைக்குக் கொண்டுபோகிறது? பதில் தெரிந்தால் பட்டியலில் பாதியை நாமே எழுதிவிடலாம்.

கோவையிலிருந்து திருச்சி போகும் சாலையில் பல்லடத்தைத் தாண்டினால் பொங்கலூர். நூல் மூட்டை ஏற்றிய லாரிகள், பனியன் கம்பெனிக்கு ஆள் ஏற்றிப் போகும் வண்டிகள், கூண்டு கூண்டாகக் கறிக்கோழி அடுக்கிய வண்டிகள் என்று சாலை ஓயாது. சுற்றுவட்டாரத்தில் பருத்தியால் சோறு தின்னாத வீடு குறைவு. ஆனால் பருத்திச் செடியைப் பார்க்க வேண்டுமென்றால் தேடித்தான் போக வேண்டும். தோட்டங்களில் தென்னை, சின்ன வெங்காயம், தக்காளி. காடுகளில் சோளமும் மக்காச்சோளமும். மில்லுக்கு வரும் பஞ்சு குஜராத்திலிருந்தும் மகாராஷ்டிரத்திலிருந்தும் தெலங்கானாவிலிருந்தும் வருகிறது. நான் ஆறு பருத்தி விதை ஊன்றி, செடி முழங்கால் உயரம் வந்தபோது, நிட்டிங் மெஷின் ஓட்டும் பக்கத்து வீட்டுத் தம்பி மதில்மேல் எட்டிப் பார்த்துக் கேட்டார்: “ஏனுங்க, வெண்டைங்களா?” தப்பில்லை. இலையை வைத்துப் பார்த்தால் அதுவும் பங்காளிதான்.

பெயரிலேயே ஒரு குழப்பம் இருப்பதைச் சொல்லிவிட வேண்டும். செம்பருத்தி என்றால் சிவந்த பருத்தி. தலைக்கு வைத்து, சாமிக்குப் போட்டு, இலையை அரைத்துத் தேய்த்துக் குளிக்கும் இந்தச் செடியில் பஞ்சே கிடையாதே, பிறகு ஏன் பருத்தி? பழைய அகராதி வழக்கில் செம்பருத்தி என்பது சிவப்பாகப் பூக்கும் ஒரு நாட்டுப் பருத்திக்கு உரிய பெயர். மரப்பருத்தி என்றும் சொல்வார்கள். இன்று நாம் செம்பருத்தி என்பதற்குச் செம்பரத்தை என்று தனிப் பெயர் இருந்தது. மலையாளத்தில் இன்றும் செம்பரத்திதான், இலங்கைத் தமிழில் செவ்வரத்தைதான். தமிழ்நாட்டில் மட்டும் இரண்டு பெயரும் ஒலியில் நெருங்கிக் கலந்து, பருத்தி தோற்றுப் போய்ச் செம்பரத்தை ஜெயித்துவிட்டது. பங்காளிகளுக்குள் சொத்து கைமாறுவது புதிதா என்ன? சித்த மருத்துவக் குறிப்பு எதிலாவது செம்பருத்தி என்று பார்த்தால், எந்தச் செடி என்று ஒருமுறை விசாரித்துக்கொள்வது நல்லது.

இனி வாரிசுக் கணக்கு. உங்கள் வீட்டுச் செம்பருத்தி காய் விட்டுப் பார்த்திருக்கிறீர்களா? பலரும் யோசித்துவிட்டு இல்லை என்பார்கள். தினம் பத்துப் பூ பூக்கும், மாலையில் சுருளும், மறுநாள் உதிரும். காய் மிக அபூர்வம். 1753-இல் லின்னேயஸ் இதற்குச் சீன ரோஜா என்று பொருள்படும் பெயர் வைத்தார். ஆனால் சீனத்திலோ வேறெங்கோ இது காட்டுச் செடியாகத் தானே முளைத்து நிற்பதை யாரும் உறுதியாகக் காட்டியதில்லை. மனிதன் கைபட்டே ஊர் ஊராகப் போன செடி இது. பல இனங்கள் கலந்து கலந்து உருவானதால் குரோமோசோம் எண்ணிக்கை ரகத்துக்கு ரகம் மாறுகிறது. விதை உருவாக வேண்டுமென்றால் குரோமோசோம்கள் ஜோடி சேர்ந்து சமமாகப் பிரிய வேண்டும். கணக்கு இடிக்கும் இடத்தில் விதை நிற்காது. அடுக்குச் செம்பருத்தியில் இன்னும் ஒரு படி மேலே: கூடுதலாகத் தெரியும் இதழ்களில் பல, இதழாக உருமாறிப்போன மகரந்தத் தாள்கள். அழகுக்காக ஆண்மையை விட்டுக்கொடுத்த பூ அது. கையால் மகரந்தம் தடவி, பொறுமையாக விதை எடுத்துப் புது ரகம் உண்டாக்குபவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். ஆனால் வீட்டில் நடப்பது குச்சி ஒடித்து நடுவதுதான்.

குச்சி என்பது வாரிசு இல்லை. அம்மாயி வீட்டிலிருந்து ஒடித்து வந்து நட்ட செம்பருத்தி, அம்மாயி வீட்டுச் செடியின் மகளோ பேத்தியோ ஆகாது. மரபணுப்படி அதே செடிதான், வேறு வாசலில் நிற்கிறது. அம்மாயியும் அதை யாரிடமிருந்தோ ஒடித்திருப்பார். இந்தச் சங்கிலியைப் பின்னோக்கிப் பிடித்துக்கொண்டே போனால் கடல் தாண்டிவிடும். மலேசியா 1960-இல் இதைத் தேசிய மலராக்கியது. அங்கே தோட்டத்து லயங்களில் நம்மவர்கள் கோவிலுக்குப் பறித்த சிவப்புச் செம்பருத்தியும் இப்படிக் குச்சி குச்சியாகப் பெருகியதுதான். ஆகவே செம்பருத்தியைப் பராமரிப்பது வயதான ஒரு உடம்பைப் பார்த்துக்கொள்வது போன்ற வேலை. அவசரமே கிடையாது. ஆனால் ஒருநாளும் லீவும் கிடையாது.

பருத்திக்கு எல்லாமே விதைதான். உலகத்தில் பருத்திப் பேரினத்தில் சுமார் 50 இனங்கள் உண்டு. மனிதன் பயிர் செய்வது நான்கு. ஆசிய, ஆப்பிரிக்கப் பருத்தி இரண்டு. அமெரிக்கப் பருத்தி இரண்டு. நம் கரிசல் காட்டுக் கருங்கண்ணி ஆசியக் கூட்டத்தைச் சேர்ந்தது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோவை, திருப்பூர் வட்டாரத்துக்கு வந்து ஊன்றிக்கொண்ட கம்போடியாப் பருத்தி, பெயரில் கம்போடியா இருந்தாலும், அமெரிக்க இனம். பஞ்சு நீளமாக இருந்ததால் கிணற்றுப் பாசனத் தோட்டங்களில் அது நாட்டுப் பருத்தியை ஓரங்கட்டியது. பின்னால் வந்த எம்.சி.யு. ரகங்களின் பெயரிலேயே மெட்ராஸ், கம்போடியா, உகாண்டா மூன்றும் ஒளிந்திருக்கின்றன. கோவை மத்திய பருத்தி ஆராய்ச்சி நிலையத்தில் சுஜாதா என்ற ரகத்தையும் செயின்ட் வின்சென்ட் என்ற ரகத்தையும் சேர்த்து உருவாக்கிய சுவின், உலகின் மிக மென்மையான பஞ்சுகளில் ஒன்று.

அமெரிக்கப் பருத்தியின் குலக்கதை எனக்கு எப்போது படித்தாலும் புல்லரிக்கும். அதன் செல்லுக்குள் 52 குரோமோசோம்கள். அதில் பாதி ஆசிய, ஆப்பிரிக்கப் பருத்தியோடு ஒத்துப்போகிறது. மறுபாதி பெரு நாட்டில் வளரும் ஒரு காட்டுப் பருத்தியோடு. சுமார் பத்து லட்சம் ஆண்டுகளுக்கு முன், மனிதனே அமெரிக்காவில் இல்லாத காலத்தில், பழைய உலகத்து விதை எப்படியோ கடலைக் கடந்து போய் அங்கிருந்த பங்காளியோடு கலந்திருக்கிறது. நூற்கத்தக்க பஞ்சு அந்தப் பெருப் பக்கத்துப் பெற்றோரிடம் கிடையாது. வந்தவன் கொண்டுபோனதைத்தான் இரண்டு பேரும் சேர்ந்து பெரிதாக்கினார்கள். அந்த வாரிசு கப்பலேறித் திரும்பிவந்து பொங்கலூர்ப் பொடக்காலியில் நிற்கிறது.

பஞ்சு என்பது என்ன? விதையின் மேல்தோலில் உள்ள சில செல்கள், பூ விரியும் நாளிலேயே, விறுவிறுவென்று நீளத் தொடங்குகின்றன. ஒவ்வொரு இழையும் ஒரே ஒரு செல். மூன்று வாரத்துக்குள் அது இரண்டரை, மூன்று சென்டிமீட்டர் நீளம் போய்விடும். தன் அகலத்தைப் போல ஆயிரம் மடங்குக்கும் மேல். தாவர உலகில் இவ்வளவு வேகமாக, இவ்வளவு நீளமாக ஓடும் செல்கள் சொற்பம். பிறகு நீள்வதை நிறுத்திவிட்டு உள்பக்கம் செல்லுலோஸை அடுக்கடுக்காகப் பூசிக்கொள்ளும். காய் வெடிக்கும்போது செல் செத்துக் காய்ந்து, குழாய் தட்டையாகி ரிப்பன் போல முறுக்கிக்கொள்ளும். அந்த முறுக்குதான் நூலாகும் ரகசியம். ஒரு முறுக்கு இன்னொன்றைப் பற்றிக்கொள்கிறது. இலவம்பஞ்சும் இதே குடும்பம்தான். ஆனால் அதன் இழை காயின் உள்சுவரிலிருந்து வருவது, வழவழவென்று நேராக இருக்கும். தலையணைக்கு ஆகும், தறிக்கு ஆகாது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். நன்றாக விளைந்த ஒரு காயில் விதையோடு நான்கு கிராம் பருத்தி வரும். அதில் மூன்றில் ஒரு பங்குதான் பஞ்சு, மீதி கொட்டை. நூற்றைம்பது கிராம் எடையுள்ள ஒரு டீ-ஷர்ட்டுக்கு, நூற்பில், வெட்டில் போகும் கழிவைச் சேர்க்காமலே, நூற்றுக்கும் மேல் காய் வேண்டும். என் ஆறு செடியும் சேர்ந்து ஒரு சட்டைக்கே முக்கியது.

இவ்வளவு பெரிய வேலையை விதையிலிருந்து விதைவரை ஐந்து, ஐந்தரை மாதத்தில் முடிக்க வேண்டும் என்பதால், பருத்திக்கு எல்லாமே நாள் கணக்கு. ஆடியிலும் ஆவணியிலும் ஊன்றினால் ஐம்பத்தைந்து, அறுபது நாளில் முதல் பூ, அதிலிருந்து ஐம்பது நாள் சொச்சத்தில் காய் வெடிப்பு, தையில் பறிப்பு. ஊன்றும்போதே முதல் பாடம்: தொட்டியில் நாற்று விட்டுப் பிடுங்கி நடாதீர்கள். முளைத்ததும் ஆணிவேர் நேராகக் கீழே இறங்கும். பிடுங்கினால் அது அறும், செடி மண்டை காய்ந்து நிற்கும். விதையில் ஒட்டிய பிசிர் தண்ணீரை உள்ளே விடாது. அந்தக் காலத்தில் சாணிப் பாலில் புரட்டித் தேய்த்துக் காயவைத்து ஊன்றியது அதனால்தான். விதைக் கம்பெனிகள் அமிலம் விட்டு அந்தப் பிசிரை எரித்துத் தருகின்றன.

இரண்டாவது பாடத்தை நான் அனுபவப்பட்டுத்தான் கற்றேன். முதல் வருடம் செடி மேல் ஆசைப்பட்டு எருவும் தண்ணீரும் தாராளமாக விட்டேன். என் உயரத்துக்கு வளர்ந்தது. கரும்பச்சை இலை, பார்ப்பவர்கள் எல்லாம் மெச்சினார்கள். காய் ஒன்பது. பருத்தி அடிப்படையில் பல ஆண்டு வாழும் புதர். நாம்தான் அதை ஒரு வருடப் பயிராகப் பழக்கியிருக்கிறோம். சுகமாக இருந்தால் அதற்குப் பழைய ஞாபகம் வந்துவிடும்: இலை விடலாம், மரமாகலாம், பிள்ளை பெறுவதை அப்புறம் பார்க்கலாம் என்று. அதற்கு இரண்டு வகைக் கிளைகள் உண்டு. அடியிலிருந்து நிமிர்ந்து போகும் கிளை வெறும் உடம்பு. மேலே கணுவுக்குக் கணு வளைந்து வளைந்து பக்கவாட்டில் போகும் கிளையில்தான் பூவும் காயும். இரண்டரை மாதமானதும் நடு நுனியைக் கிள்ளிவிட்டால் சத்து காய்க்கிளைக்குத் திரும்பும். மொட்டு, பிஞ்சு என்று பாதிக்கு மேல் கொட்டிவிட்டாலும் பதற வேண்டாம். எத்தனை காயைத் தாங்க முடியும் என்பது செடிக்குத் தெரியும். மிச்சத்தை அதுவே கழித்துவிடும்.

செம்பருத்தியில் மொட்டு கொட்டினால் விஷயம் வேறு. அது கழிவு இல்லை, புகார். ஒருநாள் தண்ணீர் தப்பியிருக்கும், அல்லது மொட்டுக்குள் பூச்சி ஏறியிருக்கும். அதற்குப் பட்டம் கிடையாது, வருடம் முழுக்கப் பூக்க வேண்டிய செடி. ஆகவே வேருக்கு ஈரம் விட்டுப் போகக் கூடாது, தேங்கவும் கூடாது. பூ வருவது புதுத் துளிரின் இலைக் கக்கத்தில்தான். கத்தரிக்க மனசு வராமல் வளரவிட்டவர்கள் வீட்டில் பார்த்தால் கீழே மொட்டைக் கழி, எட்டாத உயரத்தில் நாலு பூ. வெயில் தணிந்து ஆடிக் காற்று எடுக்கும் முன் மூன்றில் ஒரு பங்கை வெட்டிவிட்டால் ஆவணியில் பூவாகத் தொங்கும். பருத்திக்குக் கிள்ளுவது நிறுத்தச் சொல்வதற்கு. செம்பருத்திக்கு வெட்டுவது தொடங்கச் சொல்வதற்கு. ஒரே கத்தரி என்று நினைத்துவிடக் கூடாது.

இனி எங்கள் ஊரின் பெரிய வழக்கு: தண்ணீர். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவுப் பகுதி இது. பரம்பிக்குளம்–ஆழியாறு வாய்க்கால் தண்ணீர் நான்கு மண்டலமாகப் பிரித்து முறை வைத்து வருவது. நம் முறை வரும்வரை போர்தான். ஆயிரம் அடிக்குப் போன போர்களில் பாறையின் உப்பு கரைந்து வருகிறது. குடிக்க நல்ல தண்ணி, செடிக்கு உப்புத் தண்ணி என்று வீட்டுக்கு வீடு இரண்டு குழாய். மண்ணிலும் பல இடத்தில் சுண்ணாம்புக் கல். இந்த இரண்டும் சேர்ந்த இடத்தில் செம்பருத்தியின் இளம் இலைகள் மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சைக் கோலம் போட்டது போல நிற்கும். உரம் போதவில்லை என்று யூரியாவை அள்ளிப் போடுவார்கள். செடி கேட்பது இரும்பு. மண்ணில் இரும்பு இல்லாமல் இல்லை. காரத்தன்மை ஏறிய மண்ணில் அது கரையாமல் பூட்டிக் கிடக்கிறது. பாஸ்பரஸ் உரத்தை அதிகம் போட்டால் இன்னொரு பூட்டு விழும். வைத்தியம் எளிது: உரக்கடையில் அன்னபேதி வாங்கி, லிட்டருக்கு ஐந்து கிராம், அதில் அரை மூடி எலுமிச்சை பிழிந்து, வெயில் தாழ்ந்த பிறகு இலையில் தெளிப்பது. எலுமிச்சை எதற்கென்றால், இரும்பு துருவாக மாறிவிடாமல் கரைசலிலேயே பிடித்து வைப்பதற்கு.

உங்கள் தண்ணீர் எந்தப் பக்கம் என்று அறியப் பூவே போதும். சிவப்பு இதழ் நாலைந்தை நல்ல தண்ணீரில் போட்டுக் கொதிக்கவைத்தால் ஊதா நிறச் சாறு. எலுமிச்சை சொட்டினால் பளிச்சென்று சிவக்கும். துணி சோடா ஒரு சிட்டிகை போட்டால் பச்சையாகிவிடும். போர் தண்ணீரிலேயே கொதிக்கவைத்தால் எலுமிச்சைப் பக்கம் போகாமல் நீலம், பச்சை என்று சோடாவின் பக்கம் சாயும். கொதிக்கும்போது கரைந்திருந்த கரியமில வாயு ஓடிவிடுவதால் காரம் இன்னும் கூடித் தெரியும். சாயப்பட்டறையில் வேலை பார்த்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. சாயம் பிடிக்க உப்பும் சோடாவும் போடுவது அவர்கள் அன்றாடம்.

அதே உப்புத் தண்ணீரில் பருத்தி அசங்காமல் நிற்கிறது. மண்ணின் உப்பை அதன் மின்கடத்தலால் அளப்பார்கள். மாஸ், ஹாஃப்மன் என்ற இருவர் 1977-இல் பயிர்களை அந்த அளவில் வரிசைப்படுத்தினார்கள்: வெங்காயம் 1.2-ஐத் தாண்டினாலே மகசூல் இறங்கத் தொடங்கும், தக்காளி 2.5, பருத்தி 7.7 வரை தாங்கும். முளைக்கும் பருவத்தில் மட்டும் அதுவும் கொஞ்சம் பூஞ்சை. பொங்கலூரின் பெயர்போன பயிர் சின்ன வெங்காயம் என்பதை நினைத்தால் இந்த வரிசை சிரிப்பையும் வருத்தத்தையும் சேர்த்தே தருகிறது. இங்கே நான் சொல்வது பாறை உப்பை. வடக்கே நொய்யலில் ஓடியது சாய உப்பு. 1992-இல் பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணை அந்த உப்பின் தொட்டியாகிப்போனதும், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதும் தனி அத்தியாயத்துக்கான கதை. உப்பைத் தாங்கும் செடியிலிருந்து வந்த துணிக்குச் சாயம் போட்டே அந்த உப்பு சேர்ந்தது என்பதை மட்டும் இங்கே குறித்து வைக்கிறேன்.

பூச்சி விஷயத்தில் பங்காளிகள் ஒன்று கூடிவிடுவார்கள். 2008-இல் கோவையில் பப்பாளி மாவுப்பூச்சி இந்தியாவில் முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்டது. மெக்சிகோ பக்கத்துப் பூச்சி. இங்கே அதற்கு எதிரி இல்லை. இரண்டு வருடத்தில் பப்பாளி, மல்பெரி, மரவள்ளி, பருத்தி எல்லாம் மாவு தூவியதுபோல வெளுத்தன. ஊருக்குள் அது தங்கிய சத்திரம் வாசல் செம்பருத்தி. நுனி குறண்டி, இலை சுருண்டு, எறும்பு சாரை சாரையாக ஏறும் செடிகளை அப்போது தெருத் தெருவாக வெட்டிப் போட்டார்கள். மருந்து அடித்தால் மெழுகுப் பூச்சு பூச்சியைக் காப்பாற்றியது, நல்ல பூச்சிதான் செத்தது. 2010-இல் பெங்களூரிலுள்ள தேசிய வேளாண் பூச்சி நிறுவனம் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூன்று வகைக் குளவிகளைத் தருவித்தது. கொசுவைவிடச் சிறியவை, மாவுப்பூச்சியின் உடம்புக்குள் முட்டையிடுபவை. தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் அவற்றைப் பெருக்கி விவசாயிகளுக்குக் கொடுத்தது. சில மாதங்களில் மாவு அடங்கியது. உயிரியல் முறையில் பூச்சியை அடக்கிய கதைகளில் இவ்வளவு சுத்தமாக முடிந்தவை அதிகமில்லை.

ஆகவே இன்று செம்பருத்தியில் மாவுப்பூச்சி தெரிந்தால் முதல் வேலை குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சி அடிப்பது. இரண்டாவது, சுருண்ட நுனியை ஒடித்துப் பையில் கட்டி அப்புறப்படுத்துவது. வேப்பெண்ணெயும் சோப்புக் கரைசலும் அதற்குப் பிறகு. எறும்பைத் தண்டில் ஏறவிடாமல் செய்தால் பாதி வெற்றி. எறும்பு மாவுப்பூச்சியின் மாட்டுக்காரன். இனிப்புக் கழிவுக்காகக் காவல் காக்கிறது. பருத்தியில் எறும்பு ஏறினால் அவசரப்பட்டு விரட்டாதீர்கள். அதன் இலை நடு நரம்பின் அடியில் தேன் சுரக்கும் சின்னக் குழி ஒன்று உண்டு. எறும்புக்குச் சம்பளம் கொடுத்துப் புழு பிடிக்க வைப்பதற்குச் செடியே செய்துகொண்ட ஏற்பாடு அது. விரல் நகத்தால் தடவிப் பார்த்தால் பிசுபிசுக்கும்.

இன்னொரு ஆபத்து வருடம் முழுக்கப் பசுமையாக இருப்பதிலேயே இருக்கிறது. பருத்தியைக் குடையும் இளஞ்சிவப்புக் காய்ப்புழுவும், கொட்டையை உறிஞ்சும் சிவப்புப் பருத்திப் பூச்சியும், பருத்தி இல்லாத மாதங்களில் வெண்டையிலும் செம்பருத்தியிலும் காலம் தள்ளும். பருத்தி இலைச்சுருட்டை வைரஸ் சீனத்துக்குள் முதலில் பிடிபட்டது, 2006-இல் குவாங்சோ நகரில், செம்பருத்திச் செடிகளில்தான். குச்சியோடு நோயும் பயணம் செய்யும். அதனால்தான் பறிப்பு முடிந்ததும் பருத்தியைப் பிடுங்கிவிட வேண்டும் என்பது பழைய கட்டளை. 1919-இல் வந்த சென்னை மாகாணப் பூச்சி, நோய்ச் சட்டத்தின் கீழ், குறித்த நாளுக்குள் செடியைப் பிடுங்காத விவசாயிக்கு அபராதம்கூட உண்டு. விளக்குத் திரிக்காக வீட்டுக்கு ஒரு பருத்தியை வருடக்கணக்கில் விட்டுவைக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. எனக்கும் அது பிடிக்கும். ஆனால் பக்கத்தில் பருத்திக் காடு இருந்தால் மாசியில் பிடுங்கிவிடுவதே மரியாதை. பருத்திமார் அடுப்புக்கு ஆகும்.

பருத்தி தன் விதையை எப்படிக் காக்கிறது என்பதைச் சொல்லாமல் விட முடியாது. ஒரு கொட்டையை நறுக்கிப் பாருங்கள்; மிளகுத் தூள் தெளித்ததுபோலக் கரும்புள்ளிகள். கோசிபால் என்ற நஞ்சு அதில் இருக்கிறது. எங்கள் பக்கத்தில் பருத்திக்கொட்டையை ஊறவைத்து ஆட்டிக் காங்கேயம் மாட்டுக்கு வைப்பது தலைமுறைப் பழக்கம். மாட்டின் முதல் வயிற்றில் அந்த நஞ்சு பெருமளவு கட்டுண்டு போகிறது. அதே புண்ணாக்கைப் பல்லடத்துக் கோழிப் பண்ணையில் தாராளமாக வைத்தால் குஞ்சின் வளர்ச்சி குன்றும். முட்டைக்கோழி என்றால் மஞ்சள் கரு பாசி நிறமாகும். கோழிக்கு ஒற்றை வயிறு, மாட்டுக்கு நாலு அறை. செம்பருத்தியிடம் இந்த நஞ்சு இல்லை. விதையே இல்லாதவன் எதைக் காப்பது? ஆடு எட்டினால் தழையைச் சுத்தமாக மேய்ந்துவிடும். வேலிக்கு உள்பக்கம் நடுங்கள்.

கடைசியாக ஒரு பனியன் விஷயம். 2021-இல் சுவிட்சர்லாந்தின் அக்ரோஸ்கோப் வேளாண் ஆய்வு நிறுவனமும் சூரிச் பல்கலைக்கழகமும் ஆயிரம் பேருக்குப் பருத்தி ஜட்டி அனுப்பி, தோட்டத்தில் புதைத்துத் தோண்டிப் பார்க்கச் சொன்னார்கள். மண்ணில் உயிர் இருந்தால் நுண்ணுயிர்கள் செல்லுலோஸைத் தின்றுவிட்டு எலாஸ்டிக்கை மட்டும் விட்டுவைக்கும். ஜட்டிக்குப் பஞ்சமில்லாத ஊரில் இருந்துகொண்டு இதை நாம் முதலில் யோசிக்காதது எனக்குக் குறைதான். நானும் சாயம் போடாத பனியன் வேஸ்ட் இரண்டு துண்டு எடுத்து, செம்பருத்தி அடியில் ஒன்று, பருத்தி அடியில் ஒன்று என்று அரையடி ஆழத்தில் புதைத்தேன். இரண்டு மாதம் கழித்துத் தோண்டியதில், தினமும் ஈரம் குடித்த செம்பருத்தி அடியில் நாலு நூலும் ஓரத் தையலும்தான் மிஞ்சியிருந்தன; தையல் நூல் பாலியெஸ்டர். காயப்போட்டுக் காயப்போட்டுத் தண்ணீர் விட்ட பருத்தி அடியில் துணி பொத்தலாக, ஆனால் துணியாகவே இருந்தது.

போன மாசம் எதிர் வீட்டு அக்கா வந்தார். மழை ஈரம் காய்வதற்குள் ஒரு குச்சி வேண்டுமென்றார். பென்சில் கனத்தில், பழுப்பேறத் தொடங்கிய கிளையாகப் பார்த்து ஒரு சாண் வெட்டினேன். திரும்பிப் போகும்போது பருத்தியைப் பார்த்து நின்றுவிட்டார். “இதுலயும் ரெண்டு குடுங்க கண்ணு. திரி திரிச்சுக்கலாம்.” காகிதத்தில் ஆறு கொட்டை மடித்துக் கொடுத்தேன், ஆடி வரைக்கும் வைத்திருந்து ஊன்றச் சொன்னேன்.

“எத்தன நாள்ல பூக்குமுங்க?”

பருத்திக்கு நாள் சொன்னேன், ஊன்றியதிலிருந்து ஐம்பத்தைந்து, அறுபது என்று. அக்கா கையிலிருந்த குச்சியைத் தூக்கிக் காட்டி, “இது?” என்றார். அதன் நுனியில் நாளைக்கு விரியக் காத்திருந்த மொட்டு ஒன்று இருந்தது. வேர் பிடிக்கட்டும் என்று அதைக் கிள்ளிவிட்டுக் கொடுத்தேன்.